அரை, கால், அரைக்கால், வீசம்: பழைய அனலாக் ஃபில்டர்களின் குரல்

ஒரே சுருதியில் "ஆ" என்று இழுத்துக்கொண்டே உதட்டைக் குவித்து "ஊ"வுக்கு வாருங்கள். அப்படியே வாயை மூடி "ம்" என்று முடியுங்கள். குரல்நாண் முழு நேரமும் ஒரே வேகத்தில்தான் அதிர்ந்தது. வாய் மூடிக்கொண்டே வர, ஒலியின் மேல்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக அடைபட்டது. மின்சுற்றாலேயே ஒலியை உண்டாக்கும் அனலாக் சின்தசைசரில் ஆஸிலேட்டர்தான் குரல்நாண், ஃபில்டர்தான் வாய். ஒலி அடைபடத் தொடங்கும் அதிர்வெண்தான் கட்ஆஃப்; அதன் குமிழ் வாயைத் திறந்து மூடுகிறது. ரெசனன்ஸ் குமிழ் கட்ஆஃப் நிற்கும் இடத்தை மட்டும் கூர்மையாகத் தூக்கிக் காட்டுகிறது. வட ஆற்காட்டுத் தெருக்கூத்தில் முகவீணை கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தக் கூர்மை புதிதல்ல. மிருதங்கம், தாளம், ஆர்மோனியம் எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு கடைசி வரிசைவரை வரும் அந்த மூக்குக் குரலும், ஒரு பட்டை அதிர்வெண்கள் மட்டும் தூக்கலாக இருப்பதால் வருவதுதான்.

ஃபில்டர் பேச்சு எங்கே தொடங்கினாலும் டெசிபலில் வந்து நிற்கும்: ஒரு ஆக்டேவுக்கு, அதாவது ஒரு ஸ்தாயிக்கு, 6, 12, 18, 24. மடக்கைக் கணக்கு தெரியாதவர்கள் இந்த இடத்தில் விழிப்பார்கள். நம் பின்ன வாய்பாட்டில் சொன்னால் ஒரே வரி. கட்ஆஃபைத் தாண்டி மேலே ஒவ்வொரு ஸ்தாயி ஏறும்போதும் 6 டெசிபல் ஃபில்டர் ஒலியை அரையாக்கும், 12 காலாக்கும், 18 அரைக்காலாக்கும், 24 வீசமாக்கும். இனி இங்கே கால் ஃபில்டர், வீசம் ஃபில்டர் என்றே சொல்கிறேன்.

ஆனால் பின்னத்தை வைத்துக் குரலைச் சொல்லிவிட முடியாது. மினிமூக், ஜூனோ, ப்ராஃபெட் என்ற பழைய சின்தசைசர்கள் மூன்றுமே வீசம்தான். பழகிய காது மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடும். பாடப்புத்தக ஃபில்டரிலிருந்து ஒவ்வொன்றும் எங்கே வழுவுகிறதோ அங்கேதான் அதன் குணம் இருக்கிறது: உரக்க அடித்தால் எப்படி நசுங்குகிறது, ரெசனன்ஸ் ஏற்றினால் எதை இழக்கிறது, சூடானால் எங்கே நகர்கிறது. "வார்ம்" என்ற சொல் இந்த மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுவதால் எனக்கு அதன்மேல் பெரிய மதிப்பில்லை.

மினிமூகுக்குப் பெயர் தந்த ராபர்ட் மூக் 1966இல் விண்ணப்பித்து 1969 அக்டோபரில் காப்புரிமை பெற்ற ஏணிச் சுற்றிலிருந்து தொடங்குவதுதான் முறை. அடியில் ஒரு டிரான்சிஸ்டர் ஜோடி. அதன் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியின் இரண்டு எமிட்டர்களுக்கும் நடுவே குறுக்குச் சட்டம்போல ஒரு கெபாசிட்டர். வரைபடத்தில் பார்த்தால் சுவரில் சாய்த்த ஏணியேதான். எமிட்டரின் உள்தடை அதில் ஓடும் மின்னோட்டத்துக்கு நேர்மாறாக மாறும். எனவே அடியிலிருந்து இழுக்கும் மின்னோட்டத்தைக் கூட்டினால் நான்கு படிகளின் கட்ஆஃபும் ஒரே சமயத்தில் மேலே போகும். மினிமூகில் இந்தக் கெபாசிட்டர்கள் 68 நானோஃபாரட். அந்த மதிப்புக்கு, 1 கிலோஹெர்ட்ஸில் கட்ஆஃப் நிற்கப் பக்கத்துக்குச் சுமார் 22 மைக்ரோ ஆம்பியர் போதும். 20 கிலோஹெர்ட்ஸுக்கு 440. அடியில் 20 ஹெர்ட்ஸுக்கு அரை மைக்ரோ ஆம்பியர்கூட வேண்டாம்.

இந்த ஏணி நசுங்கும் விதம் விசித்திரமானது. டிரான்சிஸ்டர் ஜோடி பத்துப் பதினைந்து மில்லிவோல்ட் வரைதான் நேர்கோட்டில் நடக்கும். 50 மில்லிவோல்ட்டில் அதன் மின்னோட்டம் வர வேண்டிய அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஆனால் மேலே உள்ள ஒவ்வொரு ஜோடியும் அதே வளைவை எதிர்ப்பக்கமாக வளைத்துச் சரிசெய்துவிடுவதால், கட்ஆஃபுக்கு வெகு கீழே உள்ள பேஸ் ஒலி அநேகமாகச் சுத்தமாகவே வெளியே வரும். கட்ஆஃபை நெருங்கும் அதிர்வெண்களுக்குத்தான் சிக்கல். கெபாசிட்டரை நிரப்ப, கையில் உள்ள மின்னோட்டத்துக்கு மேல் கிடைக்காது. அதனால் உரக்க அடிக்க அடிக்க மேல்பகுதி மழுங்கும், கட்ஆஃபே சற்று இறங்கியது போலக் கேட்கும். நசுங்கிப் பிறக்கும் புது ஹார்மோனிக்குகளையும் பின்வரும் படிகள் வடிகட்டிவிடும். மிக்ஸரை முழுக்கத் திறந்த மினிமூகின் பேஸ் தடிமனாகவும் அதே சமயம் கூசாமலும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது அது இழப்பது. நான்கு படிகளும் கட்ஆஃபில் ஒவ்வொன்றும் 45 டிகிரி பின்தங்கி மொத்தம் 180 டிகிரி ஆகும். ஒலியளவு அங்கே கால் ஆகியிருக்கும். வெளியீட்டை நான்கு மடங்காக்கித் தலைகீழாக உள்ளே திருப்பினால் ஃபில்டர் தானாகவே பாடத் தொடங்கும். ஆனால் அதே தலைகீழ்த் திருப்பம் பேஸையும் கழிக்கிறது: ஒன்றின்கீழ் ஒன்று கூட்டல் நான்கு, அதாவது ஐந்தில் ஒரு பங்கு, 14 டெசிபல் இழப்பு. ரெசனன்ஸ் ஏற்றியதும் அடி வயிறு காலியாகும் அந்த உணர்வைப் பலர் கோளாறு என்று நினைத்துச் சரிசெய்யப் பார்ப்பார்கள். சரிசெய்தால் அது மூக் இல்லை.

டாம் ஓபர்ஹைமின் 1974ஆம் ஆண்டு எஸ்இஎம் என்ற சின்தசைசர் பெட்டி இதற்கு நேர் எதிர். அது ஸ்டேட் வேரியபிள் வகைக் கால் ஃபில்டர். ரெசனன்ஸ் ஏற்றுவது என்றால் அங்கே தணிப்பைக் குறைப்பது. அடிப்பகுதியைக் கழிக்கும் வேலையே இல்லை, பேஸ் அப்படியே நிற்கும். தானாகப் பாடாது. லோபாஸிலிருந்து (அடியை மட்டும் விடுவது) நாட்ச் (நடுவில் ஒரு பட்டையை வெட்டுவது) வழியாக ஹைபாஸ் (மேலை மட்டும் விடுவது) வரை ஒரே குமிழில் நகரலாம். பித்தளை வாத்திய ஒலிகளுக்கு எஸ்இஎம்மைத் தேடுபவர்கள் உண்மையில் இந்தக் கால் சரிவைத் தேடுகிறார்கள். மேல்பகுதியில் மிச்சம் இருக்கும் காற்றுதான் அது.

மூகின் ஏணியில் டிரான்சிஸ்டருக்குப் பதில் டயோடுகளை வைத்தால் வேறு ஜாதி ஆகிவிடும். டேவிட் காக்கெரல் வடிவமைத்த இஎம்எஸ் விசிஎஸ் 3 (1969) அந்த வழியில் வந்தது. ரோலண்ட் நிறுவனத்தின் பேஸ் பெட்டியான டிபி 303ம் அதே வழிதான். டயோடு ஏணியில் படிகளுக்கு நடுவே தடுப்பு இல்லை, ஒன்று மற்றதை இழுக்கும். நான்கு படிகளின் கட்ஆஃபும் ஒரே இடத்தில் குவியாமல் சிதறும். அதனால் சரிவு உடனே தொடங்காமல் சாய்ந்து சாய்ந்து இறங்கும். தானாகப் பாட வைக்க நான்கு மடங்கு போதாது, பதினேழு பதினெட்டு மடங்கு வேண்டும். 303இல் முதல் கெபாசிட்டர் 18 நானோஃபாரட், மற்ற மூன்றும் 33. அதை அரைக்கால் ஃபில்டர் என்று எழுதுவது வழக்கம். சுற்றில் இருப்பதோ நான்கு படிகள். அந்தச் சிதறலும், பாடும் எல்லைக்கு வந்து பாடாமல் நின்றுவிடும் ரெசனன்ஸும் சேர்ந்ததுதான் "ச்ச்வீங்" என்ற அதன் நனைந்த குரல். சிகாகோவின் ஆசிட் ஹவுஸ் இசைக்காரர்கள் அந்தப் பெட்டியைக் கண்டெடுப்பதற்கு முன்பே, 1982இல் மும்பையில் சரண்ஜித் சிங் அதை வைத்து ராகங்கள் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். அந்தச் செய்தி இங்கே இன்னும் போதுமான அளவு பரவவில்லை.

கோர்க் எம்எஸ் 20 (1978) கத்தும் ஃபில்டர். சாலன்-கீ வகை. ரெசனன்ஸ் திரும்பும் பாதையில் டயோடுகள் உட்கார்ந்து உச்சியை வெட்டுகின்றன. உள்ளே வரும் ஒலி பெரிதானால் ரெசனன்ஸ் ஒடுங்கும், ஒலி தணிந்தால் மறுபடி தலைதூக்கும். ஒரே ஸ்வரம் தேயும்போதே கிறீச்சிடுவது இந்த இழுபறியால்தான். முதலில் வந்த பெட்டிகளில் கோர்க் 35 என்ற தனிச் சில்லு, பின்னால் வந்தவற்றில் எல்எம் 13600. முதலாவது முரடு, இரண்டாவது கொஞ்சம் நாகரிகம். சோவியத் பாலிவாக்ஸ் (1982) இதையும் மிஞ்சியது. விளாதிமிர் குஸ்மின் வடிவமைத்த அந்த ஃபில்டரில் வெளியே கெபாசிட்டரே கிடையாது. ஆப்-ஆம்ப்பின் உள்ளே இருக்கும் குட்டிக் கெபாசிட்டரையே, அதன் பயஸ் மின்னோட்டத்தை மாற்றி மாற்றி, ஃபில்டராக வேலை வாங்கியிருக்கிறார். கஞ்சத்தனம் என்றாலும் கைதட்ட வேண்டிய கஞ்சத்தனம்.

ஒரே சமயத்தில் பல ஸ்வரம் பாடும் எண்பதுகளின் பாலிசின்த்கள் சில்லுகளின் காலம். ப்ராஃபெட் 5இன் முதல் இரண்டு பதிப்புகளில் எஸ்எஸ்எம் 2040, 1980இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து டக் கர்ட்டிஸின் சிஇஎம் 3320. முன்னது மென்மையாகக் குழையும், பின்னது வரம்போடு நிற்கும். ரோலண்டில் ஐஆர் 3109: ஜூபிட்டர் 8, ஜூனோ 60, எஸ்எச் 101 எல்லாவற்றிலும் அதே சில்லு. ஜூனோ 106 (1984) அதை 80017ஏ என்ற கறுப்புப் பிசின் பூசிய தொகுதிக்குள் அடைத்தது. குரலுக்கு ஒன்று வீதம் ஆறு. அந்தப் பிசின் காலப்போக்கில் மின்கசிவுக்கு இடம் கொடுக்கும். ஆறில் ஒரு ஸ்வரம் மட்டும் கரகரப்பது, அல்லது அழுத்தாத ஸ்வரம் அடியில் முனகுவது இதன் அறிகுறி. தொகுதியைக் கழற்றி, மூடிய கண்ணாடிக் குப்பியில் அசிட்டோனில் ஓரிரு நாள் ஊறவைத்தால் பூச்சு தோலுரிந்து வரும், பல தொகுதிகள் பிழைத்துவிடும். கத்தியால் சுரண்டினால் உள்ளே இருக்கும் பீங்கான் பலகை உடைந்துபோகும். வெளிக்காற்று உள்ள இடத்தில், அடுப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். ஜப்பானிலிருந்து நேரடியாக வந்த பெட்டி என்றால் பின்பக்கத் தகட்டில் 100 வோல்ட் என்றுதான் இருக்கும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் சுவர்ப் பிளக்கில் செருகினால் ஃபில்டரைப் பற்றிப் பேச ஒன்றும் மிஞ்சாது.

இனி வெயில். கத்திரி நாட்களில் வேலூரில் 40 டிகிரி சாதாரணம், மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் சாயங்காலமும் அதே சூடுதான். டிரான்சிஸ்டரின் வெப்ப மின்னழுத்தம் 25 டிகிரியில் சுமார் 26 மில்லிவோல்ட், ஒவ்வொரு டிகிரிக்கும் மூன்றில் ஒரு சதவீதம் ஏறும். ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற கட்டுப்பாட்டில், ஜோடியின் பேஸில் (இது அடி ஒலி அல்ல, டிரான்சிஸ்டரைக் கட்டுப்படுத்தும் கால்) ஸ்தாயிக்கு 18 மில்லிவோல்ட் போக வேண்டும். 25இல் டியூன் செய்த ஃபில்டரை 40க்குக் கொண்டுபோனால் அளவுகோலே கிட்டத்தட்ட 5 சதவீதம் சுருங்கும். நடுப்புள்ளியிலிருந்து 5 ஸ்தாயி தள்ளி வாசித்தால் கால் ஸ்தாயி, அதாவது ஏறக்குறைய மூன்று ஸ்வரஸ்தானம் பிசகும். ஷட்ஜத்தில் கைவைத்தால் வேறெங்கோ பேசும். இதைத் தடுக்கத்தான் டிகிரிக்கு 3300 பிபிஎம் ஏறும் டெம்ப்கோ ரெசிஸ்டர். அதைப் போட்ட பிறகும் ஏணியின் சொந்த எமிட்டர் தடை சூட்டோடு ஏறுவதால், அதே 15 டிகிரிக்கு ஒரு ஸ்வரஸ்தானத்துக்குச் சற்றுக் குறைவாகக் கட்ஆஃப் இறங்கும். சாதாரண வாசிப்பில் இது தெரியாது. ஃபில்டரையே ஆஸிலேட்டராகப் பாடவிட்டால் தெரியும்.

காசு கொடுத்து மினிமூக் வாங்க முடியாதவர்கள் ஏணியை வீட்டிலேயே கட்டலாம். சாமான் பெரிதல்ல. பிசி 547 டிரான்சிஸ்டர், 7812, 7912, டிஎல் 074 எல்லாம் ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்ப்பவர்கள் வாங்கும் ஸ்பேர்ஸ் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை ரிச்சி தெரு. டெம்ப்கோவை மட்டும் இணையத்தில் வரவழைக்க வேண்டியிருக்கும்.

முதலில் பவர் சப்ளை, ஏனென்றால் சுற்றுப்பட்டு ஊர்களில் பம்புசெட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் 230இல் ஒழுங்காக வேலை செய்யும். 180க்கு இறங்கினால் ரெக்டிஃபயருக்குப் பின் 12.6 வோல்ட்தான் மிஞ்சும், 7812க்குக் குறைந்தது 14.5 வேண்டும். உடனே 100 ஹெர்ட்ஸ் உறுமல் ஃபில்டருக்குள் வரும். 15-0-15 போடுங்கள்: 180இலும் ஏறத்தாழ 16 வோல்ட் நிற்கும். 250க்கு ஏறினால் ரெகுலேட்டர் சுடும், அலுமினிய ஹீட் சிங்க் அவசியம்.

அடுத்து ஜோடி பொறுக்குவது. ஒரே பையிலிருந்து 50 பிசி 547 வாங்குங்கள். கலெக்டரையும் பேஸையும் சேர்த்து, 12 வோல்ட்டிலிருந்து 100 கிலோ ஓம் வழியாக மின்னோட்டம் கொடுத்து, எமிட்டருக்கு எதிராக மல்டிமீட்டரின் 2000 மில்லிவோல்ட் அளவில் படியுங்கள். 1 மில்லிவோல்ட்டுக்குள் ஒத்துப்போகும் ஜோடிகளை எடுத்து வையுங்கள். டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் இறங்கும் என்பதால் விரலால் தொட்டாலே அளவீடு கெட்டுவிடும். இடுக்கியால் பிடித்து, ஃபேனை நிறுத்தி, அரை நிமிடம் ஆறவிட்டுப் படிக்க வேண்டும். அடியிலுள்ள ஜோடிக்கும் உச்சி ஜோடிக்கும் மிகப் பொருத்தமானவற்றைக் கொடுங்கள், நடுவில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருந்தால் பிசி 547க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என் 3904க்கு அது தலைகீழ். வெளிநாட்டு வரைபடத்தைப் பார்த்துக் கட்டுபவர்கள் வழுக்கி விழும் முதல் இடம் இதுதான்.

நான்கு படிகளின் பேஸ்களுக்கு மின்னழுத்தம் கொடுக்க, +12இலிருந்து 3.9 கிலோ ஓம், அதன் கீழ் நான்கு 1 கிலோ ஓம், கடைசியில் கிரவுண்ட். சந்திப்புகளில் 1.5, 3, 4.5, 6 வோல்ட் வரும். ஒவ்வொரு சந்திப்புக்கும் கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட். எமிட்டர்கள் அதற்கு 0.6 வோல்ட் அளவில் கீழே இருக்க வேண்டும். எங்காவது பேஸும் எமிட்டரும் சமமாக நின்றால் அந்த இடத்தின் இணைப்பை மறுபடி பாருங்கள். உச்சி ஜோடியின் கலெக்டர்கள் நேராக +12க்கு. குறுக்குச் சட்டங்களுக்கு 683 (அதாவது 68 நானோஃபாரட்) என்று அச்சிட்ட பாக்ஸ் வகை பிளாஸ்டிக் கெபாசிட்டர்கள். பழுப்பு செராமிக் வேண்டாம், சூட்டில் மதிப்பு ஓடும். மீட்டரில் அளந்து நெருக்கமான நான்கைப் பொறுக்குங்கள். படிகள் சிதறினால் ரெசனன்ஸ் சோம்பலாகிவிடும்.

உள்ளீடு 100 கிலோ ஓம் வழியாக அடி ஜோடியின் ஒரு பேஸுக்கு, இரண்டு பேஸ்களிலிருந்தும் கிரவுண்டுக்கு 220 ஓம். 5 வோல்ட் உச்சி உள்ள ரம்பப்பல் அலை 11 மில்லிவோல்ட்டாகி உள்ளே போகும், சுத்தமான குரல். வெளியீட்டை உச்சிக் கெபாசிட்டரின் இரு முனைகளிலிருந்தும் டிஎல் 074இன் மூன்று ஆப்-ஆம்ப்களில் கட்டிய வித்தியாச ஆம்ப்ளிஃபயர் எடுக்கும்: இரண்டு 47 கிலோ ஓம், நடுவில் 1 கிலோ ஓம், அதன்பின் 10க்கு 47 கிலோ ஓம். மொத்தம் 446 மடங்கு. எல்எம் 324 போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள், அது இந்த வேகத்துக்கு வராது. 10 மைக்ரோஃபாரட் பைபோலார் கெபாசிட்டர் தாண்டி, கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் போட்டு, நான்காவது ஆப்-ஆம்ப்பை பஃபராக வைத்து, அங்கிருந்து 10 கிலோ ஓம் ரெசனன்ஸ் குமிழ், குமிழிலிருந்து 22 கிலோ ஓம் வழியாக மற்ற பேஸுக்கு. கணக்குப் போட்டால் முழுத் திருப்பத்தில் 4.4 மடங்கு, பாடுவதற்கு வேண்டிய நாலைவிடக் கொஞ்சம் அதிகம். உறுமும் குரல் வேண்டுமானால் இரண்டு 220ஐயும் 1 கிலோ ஓமாக்கி, ஆம்ப்ளிஃபயரின் நடு 1 கிலோ ஓமை 4.7 ஆக்குங்கள். உள்ளே 50 மில்லிவோல்ட் போகும், வெளியே அதே 5 வோல்ட், திரும்பும் அளவும் 4.3இல் நிற்கும். மூன்று ரெசிஸ்டரில் இரண்டு ஃபில்டர்.

கட்ஆஃப் மின்னோட்டத்துக்குப் பொருத்திய இரண்டு பிசி 547ஐத் தட்டை முகம் தட்டை முகமாக வைத்து, நடுவில் வெப்பப் பசை தடவி, நூலால் இறுகக் கட்டுங்கள். டெம்ப்கோவின் உடலும் அந்த ஜோடியோடு ஒட்டியிருக்க வேண்டும். கட்டுப்பாட்டு மின்னழுத்தங்களைக் கூட்டும் ஆப்-ஆம்ப்பின் (சம்மர்) வெளியீட்டுக்கும் ஜோடியின் பேஸுக்கும் நடுவே 47 கிலோ ஓமும் 20 கிலோ ஓம் ட்ரிம்மரும், பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம் டெம்ப்கோ. மொத்தம் 54.6 கிலோ ஓம் அருகே வந்தால் ஸ்தாயிக்கு 18 மில்லிவோல்ட் கிடைக்கும்.

கெடுவது எப்படி? ரெசனன்ஸை ஏற்றியதும் பாடாமல் "புட் புட்" என்று மோட்டார் படகு போல அடித்தால் திரும்பும் கம்பி தவறான பேஸுக்குப் போகிறது, அல்லது ஆம்ப்ளிஃபயரின் இரண்டு முனைகளும் இடம் மாறியிருக்கின்றன. மேலே நன்றாகப் பாடி, கீழே 60 ஹெர்ட்ஸுக்கு அருகில் குரல் தேய்ந்தால் இணைப்புக் கெபாசிட்டர் சிறிது. 1 மைக்ரோஃபாரட் போட்டிருந்தால் அது 16 ஹெர்ட்ஸிலேயே தடுக்கத் தொடங்கி, அதற்கு மேலும் அலையின் கட்டத்தை (ஃபேஸ்) நகர்த்திவிடும். கட்ஆஃபைத் தானாக ஏற்றி இறக்கும் என்வலப் அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்வரத்தோடு ஒரு "தொப்" கேட்டால் ஜோடி பொருந்தவில்லை: 5 மில்லிவோல்ட் பிசகு 446 மடங்காகி 2.2 வோல்ட்டாக நிற்கிறது, கட்ஆஃப் ஓடும்போது அதுவும் ஆடுகிறது. கொஞ்சம் "தொப்" இருப்பது தாளத்துக்கு நல்லது என்பது என் கட்சி. குமிழ் திருகும்போது கரகரத்தால் ஊர்த் தூசி. ஸ்ப்ரே அடித்து இருபது முறை திருகினால் சில மாதம் தாங்கும், மூடிய வகைக் குமிழ் வாங்கினால் இன்னும் சில வருடம்.

டியூன் செய்வதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியை இருபது நிமிடம் ஓடவிட்ட பிறகு. ரெசனன்ஸை முழுக்க ஏற்றி, உள்ளீட்டைப் பிடுங்கி, போனில் ஏதாவது ட்யூனர் செயலியைத் திறந்து, 110 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். ஒரு வோல்ட் கூட்டினால் 220, இன்னொன்று கூட்டினால் 440 வரும்வரை ட்ரிம்மரைத் திருப்புங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு ஃபேன் இல்லாமல் அதே மூன்றையும் மறுபடி பாருங்கள். மூன்றும் ஒரே விகிதத்தில் இறங்கியிருந்தால் அது ஏணியின் சொந்தச் சூடு, விட்டுவிடலாம். 110க்கும் 440க்கும் நடுவே இருந்த இரண்டு ஸ்தாயி இடைவெளியே சுருங்கியிருந்தால் டெம்ப்கோ ஜோடியைத் தொடவில்லை. நூலை அவிழ்த்துப் பசையைப் புதிதாகத் தடவிக் கட்டுங்கள்.